ஆறாம் தவணை

கரடிப்போக்குச் சந்தியில்
கீழே லீசிங் கம்பனி,
நடுவில் பல் வைத்தியர்,
மூன்றாம் மாடியில் பல்கலைக்கழகம்.
முழுதும் அல்ல.
கல்வி முதுமாணி வகுப்பு மட்டும்,
அதுவும் சனி ஞாயிறு மட்டும்.
கிழமை நாட்களில் அதே கதிரைகளில்
தையல் டிப்ளோமாக்காரர்.
சகாயசீலன் சேரின் சப்பாத்தோடு
ஒருநாள் முழுக்க
ஒரு மஞ்சள் நூல் திரிந்தது.

நாங்கள் பத்தொன்பது பேர்,
எல்லாரும் படிப்பிக்கிற ஆட்கள்.
கடைசி வாங்குக்கு அடிபடுகிறோம்.
கொப்பியை மறந்துபோய் விட்டிட்டு வந்தோம் என்று
கூசாமல் சொல்கிறோம்.
மூன்று மணிக்குமேல்
ஒரு தலையும் நிமிர்ந்து நிற்காது.

கலாநிதி மெற்றில்டா இரவு ரயிலில் வந்து
பல் வைத்தியரின் தொட்டியில் முகம் கழுவி
நேரே கரும்பலகைக்குப் போவார்.
"உங்கள் பிரச்சினையை
ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள்."
இடமாற்றம் என்று எழுதினார் ஒருவர்.
சிரித்து முடியப் பத்து நிமிடம்.

நான் எழுதினேன்:
அக்கராயன் பகுதியில்
தரம் ஒன்பது மாணவரின் ஒழுங்கற்ற வரவு,
அதன் காரணிகள்.
"காரணி என்றால் அளக்க வேண்டும்" என்றார்.
அளந்தேன்.
நாற்பத்திரண்டு வினாக்கொத்து,
வரிக்கு ஐந்து பெட்டி,
முற்றிலும் உடன்படுகிறேன் தொடங்கி
முற்றிலும் மறுக்கிறேன் வரை.
ஒன்றில் மட்டும் போட வேண்டும் புள்ளடி.

மாதிரி பதினேழு
ஒரு வரியில் மூன்று போட்டிருந்தான்,
இன்னொன்றில் இரண்டு.
'பெற்றோர் என் கல்வியில் அக்கறை கொண்டுள்ளனர்'
என்ற வரியில் ஐந்திலும்.
செல்லுபடியாகாது, கழித்துவிடுங்கள் என்றார்கள்.
கழித்தேன்.

மாதிரி பதினேழு என்பவன் கஜிந்தன்.
இடாப்பில் இரண்டாம் தவணைக்கு
இருபத்தொரு சிவப்புப் பூச்சியம்.

என் படிப்புக்குக் கடன் தந்தது
கீழ்மாடிக் கம்பனிதான்.
பதினோராம் மாதம், முதல் சனி,
மழை ரோட்டைத் தின்றுகொண்டிருக்க
வரிசையில் நின்றேன்.
எனக்கு முன்னால் நனைந்த முந்தானையைப் பிழிந்தபடி
புவிராணி, கஜிந்தனின் தாய்.

"ரீச்சரும் கட்டவோ வந்தனீங்கள்?"
"ஓம்."
"எத்தினையாம் தவணை?"
"ஆறு."
"எனக்குப் பதின்மூண்டு. இடையில ரெண்டு விட்டுப்போச்சு."
அவன் விட்ட இருபத்தொன்று
என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
அவவே தொடர்ந்தா:
"உங்கட பேப்பரில பிழை விட்டிட்டன் எண்டு
ஒரே கவலை அவனுக்கு.
அஞ்சு பெட்டி எண்டா
அஞ்சு நாளாக்கும் எண்டு போட்டவனாம்."

யன்னலுக்குள்ளிருந்து காசாளர்ப் பெடியன்:
"அக்கா, செவ்வாய்க்கிழமை எங்கட ஆக்கள் வரேக்க
ஒருநாளும் நீங்கள் வீட்டில இல்லையாமே?
மகன்தானாம் வாசலில நிண்டு சொல்லுறவர்."

புவிராணி என்னைப் பார்க்கவில்லை.
நான் மழையைப் பார்த்தேன்.
"அடுத்த ஆள்" என்றான்.
அடுத்த ஆள் நான்.

மேலே போய்
கழித்த தாள்களின் கோவையைத் திறந்தேன்.
'நான் ஒழுங்காகப் பாடசாலைக்குச் செல்கிறேன்.'
முதல் பெட்டியில் புள்ளடி.
இரண்டாவது வெறுமை.
மூன்றில், நான்கில் புள்ளடி.
ஐந்தாவதில் போட்டு, அழித்து,
தாள் மெலிந்து ஓட்டையாகி இருந்தது.
நாற்பத்திரண்டு பேரில்
கேட்டதற்குப் பதில் எழுதியவன் அவன்தான்.

அன்றிரவே திரும்பச் சேர்த்தேன் அவனை.
நம்பகத்தன்மைக் குணகம்
புள்ளி எட்டு இரண்டிலிருந்து
புள்ளி ஏழு ஒன்பதுக்கு இறங்கியது.
கலாநிதி மெற்றில்டா
சிவப்பால் வட்டமிட்டு
'ஏன்?' என்று மட்டும் எழுதி அனுப்பினார்.

செவ்வாய்க்கிழமை இடாப்புக் கூப்பிட்டேன்.
அவன் பெயரில் வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம்
பேனையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.
பிறகு போட்டேன் பூச்சியம்.

அந்த 'ஏன்'
இன்னும் என் பையில்.
பதில் எழுத
ஏழாம் தவணைவரை நேரமிருக்கிறது.